பக்கத்து வீட்டுக்கு மூன்று கடிதங்கள்

பக்கத்து வீட்டுச் சுவருக்கு நாலடி தள்ளி வைரவநாதன் அத்திவாரம் வெட்ட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து நிரந்தரமாக வந்து தங்கப்போகும் தமக்கைக்கு ஓர் அறை கட்டுவதற்காக. பதுளை அரசாங்கக் கச்சேரியில் இருபது வருடக் கிளாக்கர் அவர்; சட்டப்படி செய்யாத காரியம் தொண்டையில் நிற்கும். வழக்குப் பேசும் புரொக்டரிடம் போனார்.

"ஒரு மாசத்துக்கு முந்தி எழுத்தில அறிவியும். வாயால ஒண்டும் கதைச்சுப்போடாதையும்," என்றார் புரொக்டர்.

நல்ல இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதி, பக்கத்து வீட்டு ஸித்தி ஸுபைதாவுக்குத் தபாலில் சேர்த்தார். அவளுடைய கணவர் பெரகலையில் கடை வைத்திருந்தார். மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு.

கடிதம் கிடைத்த அன்றே ஸுபைதா வேலிப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். எட்டு வருடப் பழக்கம்.

"என்ன கோவமோ தெரியேல்லை," என்று சலித்துக்கொண்டார் வைரவநாதன்.

"விளக்கமாய் எழுதேல்லைப் போல," என்றாள் மனைவி அன்னலட்சுமி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாம் கடிதத்தில், சுவருக்குத் தானே முட்டுக் கொடுப்பதாக எழுதினார். மறுநாள் ஸுபைதா சுவரோர அறையிலிருந்த கட்டிலையும் அலுமாரியையும் முற்றத்துக்கு இழுத்துவிட்டாள். இரண்டின் மேலும் மழை பெய்தது.

"இன்னும் கொஞ்சம் பணிவாய் எழுதிப் பாருங்கோவன். மச்சாள் வாறதுக்கு என்ன அவசரம்?" என்றாள் அன்னலட்சுமி.

உங்களுக்குத் திருப்தி ஏற்படும்வரை மண்வெட்டியைத் தொடமாட்டேன் என்று மூன்றாவதை எழுதினார். கை ஓய்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு வாசலில் மாட்டுவண்டி நின்றது. பெட்டி, பாய், அண்டா எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. புரொக்டரின் புத்திமதியை மறந்து வைரவநாதன் ஓடினார். ஸுபைதா முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். மகள் ஹம்ஸியா மட்டும் நின்றாள்.

"எங்க பிள்ளை வெளிக்கிடுறியள்?"

"பெரகலைக்கு, வாப்பாகிட்ட. வீடு எங்கட தலையில விழும், ஓடித் தப்புங்கன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"நானோ! எங்க, அந்தக் கடிதங்களைக் கொண்டா பாப்பம்."

கொண்டுவந்தாள். மூன்றும் அவருடைய கையெழுத்துத்தான். விரலை வைத்து வரிவரியாக ஓட்டினார்.

"இதில எங்கை பிள்ளை அப்பிடிக் கிடக்கு?"

"எங்களுக்கு இங்கிலீசு தெரியாதே," என்றாள் ஹம்ஸியா. "மூணையும் வாசிச்சுச் சொன்னது உங்கட வீட்டம்மாதான்."