லைட் என்னும் பட்டனை வென்ற படலம்

வாழ்க எம் தலைவன்! அகராதி அடுக்கே அரணாக, ஆறிப்போன காப்பியே அமுதாக, சாப்பாட்டு மேசையே சிம்மாசனமாகக் கொண்டு, ஆங்கிலத்தை ஜப்பானியமாக்கும் அரும்பணியில் முடி கொட்டியும் முடி சாயாத பனியன் அணிந்த பார்வேந்தன், மொழிபெயர்ப்பாளர் குலத்தோன்றல் வாழ்க!

அன்று காலை அப்பெருந்தகைமேல் படையெடுத்து வந்தது ஒரே ஒரு சொல். துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றின் பட்டன்களுக்கு ஜப்பானியப் பெயர் சூட்டும் போரில் மற்ற சொற்களெல்லாம் பணிந்து திறை செலுத்திவிட, 'லைட்' என்ற சொல் மட்டும், முன்னும் பின்னும் ஒரு வாக்கியத்தின் துணையுமின்றி, கணினித் திரையின் கட்டமொன்றில் தன்னந்தனியாக நின்று மீசை முறுக்கிற்று. அக்கட்டமோ நான்கெழுத்துக்கு மேல் இடம் தராத கஞ்சன். வேலை தந்த கம்பெனியைக் கேட்கலாமென்றால், கேள்வி நாலு பேர் கைமாறிப் போய்ப் பதில் மறுநாள்தான் வரும். நண்பகலுக்குள் அனுப்பாவிட்டாலோ, அடுத்து வரவிருந்த குளிர்சாதனப் பெட்டியின் கையேடு முழுவதும் போட்டிக்காரன் மடியில் போய் விழும். வீட்டு வாடகையே அதை நம்பித்தான் இருந்தது.

சீறி எழுந்தான் செம்மல். விளக்கென்று கொண்டு 'அகாரி' என்னும் வேலை எறிந்தான். துணிகளுக்கு விளக்கு எதற்கு என்ற ஐயம் அதை முறித்தது. வெளிர் நிறமென்று கொண்டு 'உசுய்' என்னும் வாளை உருவினான். சாயம் வெளுக்கும்வரை துவைக்கும் பட்டன் என்று வாங்கியவர்கள் நினைத்துவிட்டால் என்னாவது என்ற அச்சம் அதை மழுக்கியது. கனமற்றதென்று கொண்டு 'கருய்' என்னும் கதாயுதத்தைத் தூக்கினான். கனமற்றது துணியா, தண்ணீரா, இயந்திரமேயா என்று விளங்காமல் அதையும் கீழே போட்டான்.

இதற்கிடையே, மருத்துவமனைச் செவிலியாகிய அவன் மனைவி, மாலை வேலைக்கு வேண்டிய சீருடையை மெஷினில் போடும்படி மூன்றாம் முறையாகச் சொல்ல வந்தாள். உலகத்தார் சலவையெல்லாம் தன் ஒரு சொல்லில் தொங்கும் வேளையில் உள்வீட்டுச் சலவையைப் பற்றிப் பேசலாகாது என்று முழங்கி அவளைத் திருப்பியனுப்பினான் வீரன்.

கடிகார முள்கள் உச்சியில் கைகோக்க நெருங்கின. வியர்த்து, விறுவிறுத்து, அகராதிகள் புடைசூழக் கிடந்த நம் தலைவன், கடைசியில் கொடியை இறக்கினான்.

"ஏம்மா, துணி துவைக்கிற மெஷின்ல லைட்டுன்னா என்னவா இருக்கும்?"

துணிக்கூடையோடு போய்க்கொண்டிருந்தவள் நின்றாள். "நம்ம மெஷின்லயே அந்தப் பட்டன் இருக்குங்க. அழுக்கு கம்மியா இருந்தா அதை அமுக்கணும். வாங்கி ஏழு வருஷமாச்சு, நீங்க அந்தப் பக்கம் வந்தாத்தானே தெரியும்."

வெட்கம் அவன் காதுவரை ஏறியது. ஆயினும் கீழே போட்ட கதாயுதத்தையே மீண்டும் எடுத்தான். 'கருய்' உடன் அழுக்கைக் குறிக்கும் 'யோகோரே'யைச் சேர்த்தான். ஜப்பானிய எழுத்தில் சரியாக நான்கே நான்கு! கஞ்சக் கட்டம் வாய் திறந்து ஏற்றது, பகைச்சொல் மண் கவ்விற்று, கோப்பு நண்பகலுக்கு முன்பே பறந்தது, வாகை சூடிய கோமான் எழுந்து நின்று மனைவியின் கையிலிருந்த கூடையைத் தன் திருக்கரங்களில் ஏந்தினான்.

பிறகு, சோப்புத் தூளை எதில் போடுவது என்று அவளையே கேட்டான்.