தோமா சித்தூருக்கு எழுதிய நிருபம்

சித்தூருக்கு அந்த வாரம் இரண்டாயிரம் வருஷத்துப் பழைய தோல் ஒன்று ஏசி காரில் வந்து இறங்கியது. கண்ணாடிப் பெட்டி, உள்ளே நீல விளக்கு, அந்த வெளிச்சத்தில் சுருட்டி வைத்த ஆட்டுத்தோல். இயேசுவின் சீடர் தோமா சித்தூர்க்காரர்களுக்கென்றே தம் கையால் எழுதிய நிருபமாம். சந்திரகிரி மலையில் ஒரு குகையைக் கனவில் கண்டு, மறுநாளே போய்த் தோண்டி எடுத்தாராம் டாக்டர் காலேப். எந்தக் கல்லூரியில் டாக்டர் ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டுப் போட்டவரிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதை இல்லையாம்.

நாலு நாள் எழுப்புதல் கூட்டம், கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. ராமகுப்பத்திலிருந்து வேன், சாந்திபுரத்திலிருந்து வேன், திருப்பதியிலிருந்து இரண்டு பஸ். பெட்டியைத் தொட்டவர்களுக்கு மூட்டுவலி பறந்தது. வெளியே வந்து செருப்புத் தேடும்போது அதுவும் திரும்பி வந்து காலிலேயே உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பெயர் விசுவாசக் குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தோலில் இருப்பது இயேசு காலத்து அரமேய மொழி. அதைப் படிக்கத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் டாக்டர் ஒருவர்தான். வேறு யாராவது உற்றுப் பார்த்தால் எழுத்து மறைந்துவிடும் என்று எச்சரிக்கை வேறு. ஜனங்கள் பயபக்தியோடு வேறு பக்கம் பார்த்தார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெயகுமாரி டீச்சர் மட்டும் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கவலை இருந்தது. தம்பி கிளாட்வினின் மகள் அபிகாயிலுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. பத்தொன்பது வயதாகிறது. மாத்திரை விடாமல் சாப்பிட்டதால் மூன்று வருஷமாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. தோலும் மாத்திரையும் ஒன்றாகப் போகாது என்று டாக்டர் சொன்ன அன்றே கிளாட்வின் மாத்திரையை எடுத்து ஒளித்துவைத்துவிட்டான். இரண்டாம் நாள் பெண் பாத்ரூமில் விழுந்து நெற்றி உடைந்தது. கடைசி நாள் கூட்டத்தில் எல்லோரும் தங்கள் மாத்திரைகளைக் கூடையில் போட்டு முழுக்குப் போடவேண்டும் என்பது ஏற்பாடு.

டீச்சர் முப்பது வருஷம் ஞாயிறு பள்ளிப் பரீட்சைத் தாள் திருத்தியவர். காப்பியடித்த பிள்ளையைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரே வழிதான். இரண்டு தாளில் சரியான விடை ஒன்றுபோல இருந்தால் விட்டுவிடுவார். தப்பான விடை ஒன்றுபோல இருந்தால் இரண்டு பேரையும் எழுப்பி நிறுத்துவார்.

மூன்றாம் நாள் டாக்டர் சுருளிலிருந்து வாசித்தார்: பிற்காலத்தில் சித்தூரில் ஒரு ஆலயம் எழும்பும், அதன் மணி ராமகுப்பத்திலிருந்து வரும். மண்டபமே தேம்பியது. டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் ஆலயத்துக்கு உண்மையில் மணி வந்தது சாந்திபுரத்திலிருந்து. சபையின் ஆண்டு மலரைத் தொகுத்தபோது ராமகுப்பம் என்று தவறாக எழுதியவர் டீச்சர்தான். அச்சான பிறகுதான் கவனித்தார். முதல் நாளே அந்த மலரை ஜெபத்தில் வைக்கிறேன் என்று டாக்டர் வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

அன்று கூட்டம் முடிந்ததும் தம்பியைப் பிடித்து, மலரில் தாம் விட்ட தப்பு தோலில் எப்படி வந்தது என்று கேட்டார்.

"அக்கா, நீ வேதத்தையே சந்தேகப்படுறியா?"

"வேதத்தை இல்லடா. அதுக்கு ஊர் ஊரா பழைய பிரதி எத்தினியோ கீது. படிச்சவங்க ஒண்ணை வச்சி ஒண்ணைப் பாத்துக்கினு, இங்க ஒரு வரி சேந்திருக்குது, அங்க ஒரு வரி விட்டுப்போச்சுன்னு இன்னிக்கும் சண்டை போட்டுக்கினுதான் கீறாங்க. அதை ஒளிக்காம அடிக்குறிப்புல போடுறாங்க. இந்தத் தோலு ஒரே பிரதி. படிக்கிறவரும் ஒரே ஆளு. தப்பா படிச்சா யாரு சொல்லுவா?"

"அபிக்கு சுகமாவுதே."

"நேத்து விழுந்தாளே, அது இன்னா?"

"பிசாசு போவச்சொல்ல கடைசியா ஒரு ஆட்டம் ஆடுமாம், டாக்டர் சொன்னாரு."

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார்.

தோமா சித்தூருக்கு வந்து சேர்ந்த கதையைக் கடைசி நாளில் வாசிக்கப்போவதாக அறிவிப்பு. பழைய ஊழியக்காரர்களின் பயணக் குறிப்பு ஏதாவது இருந்தால் ஜெபத்துக்குக் கொடுக்கலாம் என்று டாக்டர் கேட்டிருந்தார். மறுநாள் காலை டீச்சர் ஒரு தாளில் 'ஊழியக்காரர் ஒருவரின் பயணம்' என்று தலைப்புப் போட்டு நாலு வரி எழுதினார். அதில் பொய் ஒரு எழுத்தும் இல்லை. அவரும் ஞாயிறு பள்ளி ஊழியக்காரர்தானே, முந்தைய நாள் தாம் மண்டபத்துக்கு வந்த கதையைத்தான் எழுதினார். டாக்டரிடம் தாள் போனது. அதன் ஜெராக்ஸ் ஒட்டிய கவரில் கிளாட்வின் சட்டைப்பையில் போனது.

"அவரு படிக்க ஆரம்பிச்சதும் இதைப் பிரி. அதுக்கப்புறம் கூடையில போடணும்னா போடு. நான் தடுக்க மாட்டேன்."

சாயங்காலம் கூடை வந்தது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை எல்லாம் அதில் விழுந்து கலந்தன. கிளாட்வின் கையில் அபிகாயிலின் மாத்திரை அட்டைகள். பெண் நெற்றியில் பிளாஸ்திரியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சுருளை விரித்தார்.

"சித்தூராரே, கங்கையா என்பவனுடைய வண்டியில் ஏறி உங்களிடம் வந்தேன். பாதி வழியில் இடது சக்கரம் இறங்கிப்போயிற்று. அப்பொழுது வெங்கடம்மாள் என்னும் ஸ்திரீ எனக்கு மோர் கொடுத்தாள்."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிளாட்வின் கவரைப் பிரித்தான். அவன் விரல் வரிவரியாக ஊர்ந்தது. முகம் வெளுத்தது. எழுந்து நின்றான்.

"டாக்டரய்யா, அடுத்த வரி நான் சொல்றேன். மோருல உப்பு அதிகம். சரியா?"

"அந்த மோர் உவர்ப்பாய்..." என்று ஆரம்பித்துவிட்ட டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் வாசல் பக்கம் திரும்பினார். "கங்கையா, கொஞ்சம் உள்ள வாப்பா."

நகரி பக்கத்து ஆட்டோக்காரர் கங்கையா காக்கிச் சட்டையோடு வந்தார்.

டாக்டர் சமாளித்தார். "பார்த்தீர்களா, இந்த மனுஷனையே தோமா அன்றைக்கே தரிசனத்தில் கண்டிருக்கிறார்."

"கண்டாரோ இல்லியோ, ‘ஏறி வந்தேன்’னு எழுதிக்கீறாரே" என்றார் டீச்சர். "கங்கையா, நேத்து நம்ம கூட வேற யாருனா வந்தாங்களா?"

"நீங்க ஒருத்தர்தாம்மா. புத்தூர் ரோடுல பஞ்சர் ஆச்சு, வெங்கடம்மா மோர் குடுத்துச்சு. தாடிக்காரர் யாரும் ஏறல. ஏறியிருந்தா ஷேர் ஆட்டோ ஆயிருக்குமே."

முதல் சிரிப்பு பின்வரிசையில் கிளம்பியது. அப்புறம் மண்டபம் முழுக்கப் பரவியது. தைரியம் வந்த நாலு பெண்கள் மேடையேறி, விரித்திருந்த சுருளில் கண்ணை வைத்து உற்றுப் பார்த்தார்கள். எழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. சமையற்கட்டு வழியாக மறைந்தது டாக்டர்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான எழுப்புதல் கூட்டம். விசுவாசிகள் எல்லோரும் கூடையைச் சுற்றி உட்கார்ந்து மாத்திரை பொறுக்கினார்கள். "இது என் பிரஷரா, உன் சர்க்கரையா?" என்று ஒருவர் கேட்க, "எனக்கு வெள்ளைதான், ரெண்டு வெள்ளை இருக்குதே" என்று இன்னொருவர் விழித்தார். அதைக்கூட ஜெபித்துக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு பெரியவர் யோசனை சொன்னார். டீச்சர் அவரைக் கையோடு மருந்துக்கடைக்கு அனுப்பினார்.

கிளாட்வின் மகள் முன்னால் முழங்காலிட்டு, ஒரு மாத்திரையைப் பிரித்து நீட்டினான். விட்டுப்போன நாட்களுக்கு என்ன செய்வது என்று ஆஸ்பத்திரி டாக்டரையே போய்க் கேட்கலாம் என்றான்.

அபிகாயில் தண்ணீர் குடித்து மாத்திரையை விழுங்கினாள்.

"நைனா, தோமா இன்னா சொன்னாருன்னு நாலு நாளா இங்கியே உக்காந்து கேட்டீங்க. உனக்கு எப்படிம்மா கீதுன்னு ஒரு வாட்டி என்னைக் கேட்டிருக்கலாமே. நான் தமிழ்லதான் சொல்லியிருப்பேன்."