பனியாற்றில் நேராக நின்ற பத்து முளைகள்

கிரிண்டெல்வால்ட், 14 செப்டம்பர் 1843

பெர்ன் நகரில் வசிக்கும் மதிப்பிற்குரிய பேராசிரியர் ஏக்லி அவர்களுக்கு, வேலி கட்டும் ஊலி இனேப்னிட் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி மாட்லேனாவும் பசுக்களும் நலம். நீங்கள் மறந்துவிட்டுப் போன குடையும் நலம்.

சென்ற கோடையில் மலைமேல் உறைந்து கிடக்கும் பனியாற்றின் குறுக்கே பத்து மர முளைகளை ஒரே கோட்டில் அடித்து, "பத்திரமாப் பாத்துக்க, ஊலி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எதற்கு என்று நீங்கள் சொல்லவில்லை. படித்தவரிடம் கேட்பது மரியாதையில்லை என்று நானும் கேட்கவில்லை. சில வாரங்களில் நடுவிலிருந்த முளைகள் கீழ்ப்பக்கமாகத் தள்ளிப்போய், கோடு வில்லாக வளைந்து நின்றது. ஆடுகளின் வேலை என்று நினைத்தேன். எங்கள் பள்ளத்தாக்கில் குடிகாரனுக்குக்கூடப் பெண் கொடுப்பார்கள். கோணல் வேலி கட்டுபவனுக்குக் கொடுக்கமாட்டார்கள். ஆகவே ஞாயிறுதோறும் கோவில் முடிந்ததும் மேலே ஏறி, கயிறு பிடித்து, முளைகளைப் பிடுங்கி நேராக நட்டேன். குளிர்காலத்திலும் விடவில்லை. பாராட்டுவீர்கள் என்று காத்திருந்தேன்.

போன வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பனி நகருதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன், ஊலி. நகர்ந்திருந்தா முளைக் கோடு வளைஞ்சிருக்கணும். ஒரு விரல்கூட நகரலை. இருபதாம் தேதி அறிஞர் சபையில எழுந்து என் தப்பை ஒத்துக்கப்போறேன்" என்றீர்கள். முளைகளை நேராக்கியது நான்தான் என்று அப்போதே சொல்லியிருப்பேன். ஆனால் மாட்லேனா என்னைப் பார்த்து முந்திக்கொண்டாள்: "கேட்டுக்கய்யா. பனி நகராதாம். அப்ப என் பானை எங்க போச்சு?"

அந்தப் பானை விவகாரம் உங்களுக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடத்துக்கு முன், கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், அவளுக்காக ஒரு செப்புப் பானை வாங்கி வந்தேன். மேல்பாறையருகே பனிப்பிளவில் அது விழுந்துவிட்டது. அதை விற்றுச் சாராயம் குடித்துவிட்டேன் என்பது அவள் கட்சி. அதற்குத் தண்டனையாக அன்றிலிருந்து தினமும் காலையில் அடுப்பு மூட்டுவது நான்தான். பனி நகரும், அதில் விழுந்தது எதுவும் ஒருநாள் கீழே வரும் என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான். உங்களை நான் எவ்வளவு நம்பினேன் தெரியுமா. என் கையாலேயே உங்களையும் என்னையும் பொய்யராக்கிவிட்டேன். ஐயா, பனி நகர்கிறது. நகராதது நான் திருத்திய வேலி மட்டும்தான். சபையில் தப்பை ஒத்துக்கொள்ளாதீர்கள், தப்பு என்னுடையது. வேண்டுமானால் நானே வந்து சொல்கிறேன், சட்டை மட்டும் இரவல் வாங்க வேண்டும்.

உங்கள் இருமல் குணமாகவும், உங்கள் சகாக்களின் வாய் அடங்கவும் வேண்டிக்கொள்ளும்,
ஊலி இனேப்னிட்

பி.கு.: மேலே எழுதியது எதுவும் தேவையில்லை. கடிதத்தை மாட்லேனாவிடம் படித்துக் காட்டினேன். அவள் பரணில் ஏறி, ரொட்டி போலத் தட்டையான ஒரு செப்புத் தகட்டைக் கொண்டுவந்தாள். அதன் அடியில், பானையை வாங்கிய அன்று நான் ஆணியால் கீறிய எங்கள் இருவரின் முதலெழுத்துகள். ஒன்பது வருடத்துக்கு முன் பனியாற்றின் அடிவாரத்தில் கண்டெடுத்தாளாம். விழுந்த இடம் எனக்குத் தெரியும், கிடைத்த இடம் அவளுக்குத் தெரியும். இடையே முக்கால் மணி நடை, இருபத்திரண்டு வருடம். வகுத்துக்கொள்ளுங்கள், முளையே வேண்டாம்.

"ஏன்டி சொல்லலை?" என்றேன்.

"சொல்லியிருந்தா காலையில அடுப்பு மூட்ட நீ எழுந்திருப்பியா?"

ஒன்பது வருடம் பரணில் கிடந்த செம்பில் ஒரு பொட்டுக் களிம்பு இல்லை, ஐயா. தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறாள்.