மாமியார் கல்லறைக்கு ஒரு மலிவுத் துப்பாக்கி

டெல்பர்ட் ஸ்டகி துப்பாக்கியை இடது தோளில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலின் நீளத்துக்கும் பார்த்தார். பிறகு கண்ணை மாற்றி மூடிப் பார்த்தார். இரண்டு விதத்திலும் எதிர்ச்சுவர்தான் தெரிந்தது.

"லானி, இதுல எதைப் பார்த்துச் சுடுறது?"

"உங்களுக்கு எது பிடிக்கலையோ அதைப் பார்த்துச் சுடுங்க, பிரதர்."

"அதைக் கேக்கல. குறி பார்க்க நுனியில ஒரு முள்ளு இருக்குமே, அது எங்க?"

"அது தனி," என்றார் லானி. "துப்பாக்கி விலையில துப்பாக்கி மட்டும்தான் வரும்."

பணம் கட்டியாகிவிட்டது. டெல்பர்ட் நல்லவர்தானா என்று அரசாங்கத்துக்குப் போன் போட்டுக் கேட்டாகிவிட்டது. அவர்கள் யோசித்து ஆமாம் என்று சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாடீனைக் கட்டிக்கொள்ளப் போனபோது இதே கேள்விக்குப் பதில் சொல்ல அவளுடைய அம்மா இமோஜீன் நான்கு வருடம் எடுத்துக்கொண்டார். சொன்னது ஆமாம்தானா என்பதில் டெல்பர்ட்டுக்கு இன்றும் சந்தேகம்.

டெல்பர்ட் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மேஹா க்ரீக் பாப்டிஸ்ட் சபையின் கல்லறைத் தோட்டம் அவர் பொறுப்பு. கிழக்கு டெக்சாஸில் பிறந்து, தலை நரைக்கும்வரை சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்காத ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். அப்படி ஒரு பிராணி உண்டா என்று ஆஸ்டின் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, தூரத்தில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள்.

அவரைத் துப்பாக்கிக் கடைக்கு அனுப்பியவை காட்டுப்பன்றிகள். ஈஸ்டர் கழிந்ததும் பின்வேலியில் ஓட்டை போட்டு உள்ளே நுழைந்தன. உழவில் அவற்றுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பின்னாலிருந்து முதல் வரிசையை முழுதாகப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் இரண்டாவதில் மூக்கை வைத்தன. மூன்றாவது வரிசையில் முதல் கல், காலஞ்சென்ற இமோஜீன். அவருக்கு அடுத்த இடம் டெல்பர்ட்டுக்கென்று ஒதுக்கிவைத்தது.

விஷயம் அங்கேதான் இருந்தது. மருமகன் காவல் காக்கும்போதே தன் தலைமாட்டில் பன்றி தோண்டிவிட்டது என்று அந்த அம்மாள் பேச ஆரம்பித்தால், நியாயத்தீர்ப்பு நாளில் கடைசி எக்காளம் ஊதும்வரை பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவர் டெல்பர்ட்.

நாடீன் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊரே பூக்களோடு கல்லறைத் தோட்டத்துக்கு வரும். மரத்தடியில் மேசை போட்டு, பொரித்த கோழியும் வாழைப்பழப் புட்டிங்கும் தின்றுவிட்டு, யார் வீட்டுக் கல் சுத்தமாக இல்லை என்று பேசிவிட்டுப் போகும். ஹூஸ்டனிலிருந்து தங்கச்சி வேறு வருகிறாள்.

"எங்கம்மா மேல ஒரு பன்னி மூக்கு பட்டுச்சுன்னு வையி," என்றாள் நாடீன், "உனக்குன்னு இருக்கிற இடத்துக்கு நீ சீக்கிரமே குடி போயிடுவே."

இதில் இன்னொரு அவமானமும் இருந்தது. போன வருடம் இதே பன்றிகள் மெத்தடிஸ்ட் சபையின் கல்லறையைத்தான் உழுதுகொண்டிருந்தன. அப்போது நம் பாப்டிஸ்டுகள் ரொம்பப் பரிதாபப்பட்டார்கள். ஆற்றில் முக்கி எடுக்காமல் தலையில் நாலு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஞானஸ்நானம் என்று சொன்னால், பன்றி வராமல் வேறு என்ன வரும் என்று கேட்டார்கள். இந்த வசந்தத்தில் பன்றிகள் சபை மாறின. மெத்தடிஸ்டுகள் பெரிய மனது பண்ணி எதுவும் சொல்லவில்லை. எதிரே வரும்போது உறுமிக் காட்டியதோடு சரி.

ஆக, துப்பாக்கி. எது வாங்குவது என்பதற்கு முடிவெட்டுகிறவர் ஒன்று சொன்னார், தபால்காரர் ஒன்று சொன்னார், பாஸ்டர் ஆசீர்வாதம் கூறி முடித்த கையோடு மேடையிலிருந்தே ஒன்று சொன்னார். ஒருவர் சொன்னதை வாங்குகிறவன் பைத்தியக்காரன் என்று மற்ற இருவரும் சொன்னார்கள். கடைசியில் டெல்பர்ட், துணி துவைக்கும் மெஷினுக்கென்று நாடீன் சேர்த்திருந்த பணத்தை வாங்கிக்கொண்டு லானியிடம் போனார்.

லானி எந்தச் சபையையும் சேர்ந்தவரில்லை. எல்லாச் சபைக்கும் வேண்டியவர். கோடைக்கு இரண்டு கோயிலுக்கும் அட்டை விசிறி தருவார், விசிறியின் பின்பக்கம் கடையின் பெயர் இருக்கும். விரல் நுனிகள் மட்டும் எந்நேரமும் இளஞ்சிவப்பாக இருக்கும். துப்பாக்கி துடைக்கிற மருந்து அப்படித்தான் என்பார்.

ஒவ்வொரு குண்டுக்கும் கம்பியை இழுத்துத் தள்ளுகிற பழைய மாதிரி வேண்டாம் என்றார் லானி. முதல் பன்றி விழுந்து, இவர் அடுத்த குண்டை ஏற்றுவதற்குள் மற்றதெல்லாம் எல்லை தாண்டி லூசியானா போய்விடும். சின்னக் குண்டு போடுகிறதும் வேண்டாம், பன்றி அதைக் கொசு என்று நினைத்துக்கொள்ளும். தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்தான் சரி. விசையை ஒவ்வொரு தடவை இழுத்தால் ஒவ்வொன்று.

"அதுல விலை குறைஞ்சது எது?" என்று கேட்டார் டெல்பர்ட்.

சுவரின் கடைசி மூலையிலிருந்து லானி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் சாமானை எடுத்தார். மெத்தடிஸ்ட் சபைப் பெரியவர்களான டீக்கன்கள் எல்லோரும் அவரிடம்தான் வாங்கினார்கள் என்றும், இன்றுவரை ஒரு புகார் இல்லை என்றும், பன்றியே அங்கே வருவதில்லை என்றும் சொன்னார். அந்தச் சாமானுக்குத்தான் குறிபார்க்கும் முள் தனி.

முள்ளைவிட, தூரத்தைக் கிட்டே காட்டும் ஸ்கோப் மலிவு என்பதால் ஸ்கோப் வாங்கினார். ஸ்கோப்பைப் பிடித்துவைக்கும் வளையம் தனி. வளையத்தைத் திருகும் சாவி தனி. மெஷின் பணத்தில் பாதி போயிற்று. நாடீன் அன்று முழுக்கத் துணியைக் கையால் துவைத்தாள். ஒவ்வொரு துணியையும் இவர் முகத்துக்கு நேரே பிழிந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் க்ரீக் ஓடையின் மண் கரையில் அட்டை நட்டுப் பழகினார் டெல்பர்ட். கரை முழுக்கப் பள்ளம் விழுந்தது. அந்தப் பக்கத்தில் காயமில்லாமல் தப்பித்தது அட்டை ஒன்றுதான். அதுகூடப் பரவாயில்லை. அந்த மாதிரித் துப்பாக்கிகள் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வலப்பக்கம் துப்பும். டெல்பர்ட் இடக்கைக்காரர். இடது தோளில் வைத்த துப்பாக்கிக்கு வலப்பக்கத்தில் அவர் கழுத்துதான் இருந்தது.

அடுப்பிலிருந்து எடுத்ததுபோல் ஒரு கூடு சட்டைக் காலருக்குள் இறங்கியது. டெல்பர்ட் துப்பாக்கியைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, கையை உயர்த்தி, இடுப்பைச் சுழற்றி, ஒற்றைக் காலில் க்ரீக் கரையைச் சுற்றி வந்தார். அந்த நேரம் பார்த்துப் பாதையில் டீக்கன் ப்ரூயிட் காரில் போனார்.

பாப்டிஸ்டுகள் நடனமாடுவதில்லை. சாயங்காலத்துக்குள் பாஸ்டர் வந்துவிட்டார். வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று நாடீனைத் தனியாக விசாரித்தார்.

லானி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இடக்கைன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே, பிரதர்."

"நீதானே பார்த்துக்கிட்டு நின்னே."

"வாடிக்கையாளர் கையைப் பத்திப் பேசுறது மரியாதை இல்லீங்களே," என்று சொல்லி, உயரமான காலர் வைத்த கேன்வாஸ் கோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். பனிக்காலத்தில் வாத்து வேட்டைக்குப் போடுவது. மே மாத டெக்சாஸில் அதை மாட்டிக்கொண்டு டெல்பர்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, வழியிலேயே அவருடைய எடை பாதி குறைந்துவிட்டது.

விடிந்ததும் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து காத்திருந்தார். பன்றிகள் வந்தன. முன்னால் வந்த கிழட்டு ஆண்பன்றி பால் வண்டி அளவு இருந்தது. அது நடக்கும்போது கோயில் மணி தானாக ஆடியது என்று டீக்கன் ப்ரூயிட் சத்தியம் செய்வார். டீக்கன் பொய் சொல்லமாட்டார், பெரிதாக்கித்தான் சொல்வார். டெல்பர்ட்டைப் பார்த்தும் அது ஓடவில்லை. கோட்டைப் பார்த்து இரக்கப்பட்ட மாதிரி நின்றது. அதன் மூக்கும் தாடையும் நல்ல இளஞ்சிவப்பு. காற்றில் குழந்தைகளின் பிறந்தநாள் விருந்துபோல் ஸ்ட்ராபெரி மணம் வீசியது.

டெல்பர்ட் விசையை இழுத்தார். க்ளக் என்றது. மறுபடி இழுத்தார். க்ளக் என்றுகூடச் சொல்லவில்லை. பன்றிகள் இரண்டாவது வரிசையை அவசரமில்லாமல் முடித்தன. மூன்றாவது வரிசையின் ஓரத்தில், இமோஜீன் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி, நாளைக்கு என்று அடையாளம் வைப்பதுபோல் மூக்கால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போயின.

வீட்டுக்கு வந்து, பன்றி உதட்டுச்சாயம் பூசியிருந்தது, ஸ்ட்ராபெரி வாசனை அடித்தது என்று டெல்பர்ட் சொன்னார். நாடீன் கிட்டே வந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தாள்.

"ஆட்டம் மட்டும்தான்னு நினைச்சேன்," என்றாள்.

லானி துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, குற்றம் துப்பாக்கி மேல் இல்லை என்றார். டெல்பர்ட் மலிவுத் தோட்டா போட்டிருந்தார். மலிவுத் துப்பாக்கிக்கு மலிவுத் தோட்டா ஒத்துக்கொள்ளாது.

"ஒண்ணு மலிவா இருந்தா இன்னொண்ணு விலை கூடினதா இருக்கணும், பிரதர். விலை கூடின துப்பாக்கி வாங்கினவங்க எந்தத் தோட்டாவையும் போடலாம். அந்த வகையில பார்த்தா அதுதான் மலிவு."

"இதைத் திருப்பி எடுத்துக்கிறியா?"

"தாராளமா. ஆனா இது இப்போ பழைய துப்பாக்கி. சுடாததுன்னாகூடப் பரவாயில்லை."

"அதுதான் சுடலையே. பன்னியைக் கேட்டுப் பாரு."

லானி சொன்ன விலை, கோட்டின் காலருக்குப் போதும். டெல்பர்ட் துப்பாக்கியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நாடீன் சமையலறையில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னாள். துப்பாக்கி போதும். மெஷின் பணத்தில் மிச்சமிருப்பதை எடுத்துக்கொண்டு தீவனக் கடைக்குப் போய், பன்றி தாண்டாத கம்பி வலை வாங்கி, அம்மாவைச் சுற்றி நாலு பக்கமும் அடிக்க வேண்டும். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே," என்றார் டெல்பர்ட்.

"ஆம்பளைங்க எல்லாம் சேர்ந்து யோசிச்சுக்கிட்டு இருந்தீங்க. குறுக்கே பேசுவானேன்னு விட்டுட்டேன்."

தீவனக் கடை ட்ரூடி கம்பி வலையை எடுத்து வந்து அவருடைய பிக்கப்பில் ஏற்றினாள். நல்ல பெண். யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டாள், தப்பாக நினைக்கவும் தெரியாது. கல்லறைக்குத்தான் போகிறாரா என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

"அப்படின்னா ஒரு உபகாரம், மிஸ்டர் டெல்பர்ட். லானியோட சரக்கு இங்கேயே கிடக்கு. போற வழியில இறக்கிடுறீங்களா?"

அவர் சரி என்று சொல்லுமுன்பே இரண்டு மூட்டை மக்காச்சோளத்தை வண்டியில் போட்டாள். அதன் மேல் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டி நிறைய ஸ்ட்ராபெரி ஜெல்லிப் பொடி. ஒரு பாக்கெட் கிழிந்து அவள் விரல் நுனியெல்லாம் இளஞ்சிவப்பாகியிருந்தது.

டெல்பர்ட் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை எங்க இறக்கணும், ட்ரூடி?"

"உங்க கல்லறைக்குப் பின்வேலி ஓரமாத்தான். சோளத்துல பொடியைக் கலந்து வாரா வாரம் அங்கேதான் கொட்டுவாரு, ஏதோ மானுக்குன்னு. போன வருஷம் மெத்தடிஸ்ட் கல்லறைக்குப் பின்னாடி கொட்டிக்கிட்டு இருந்தாரு. அங்கே இப்போ எல்லார் வீட்டுலயும் துப்பாக்கி வாங்கியாச்சாம்."