சண்முகையாவுக்கு மன அழுத்தம் வழங்கப்பட்டது

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் கிணறுகள் பதிவு அலுவலகம் என்று ஒன்று செவ்வனே செயல்பட்டு வருகிறது. 'செவ்வனே' என்பது பெயர்ப்பலகையில் உள்ள சொல். என் கருத்து அல்ல. யாராவது புதிதாகக் கிணறு வெட்டினால், வெட்டியது கிணறுதான், வெறும் பள்ளம் அல்ல என்று இந்த அலுவலகம் சான்று தர வேண்டும். அது இருந்தால்தான் மோட்டாருக்குக் கரண்டு கேட்க முடியும்.

அந்தச் சான்றை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் உதவியாளர் சண்முகையா. வயது ஐம்பத்து நாலு, வீடு கரிவலம்வந்தநல்லூரில். காலை பஸ்ஸில் வருவார், சாயங்கால பஸ்ஸில் போவார். இடையில் வருகிற மனுக்களை அன்றன்றைக்கே முடித்துக் கொடுத்துவிடுவார். பெரிய சேவை மனப்பான்மை என்றெல்லாம் சொல்ல முடியாது. முடித்துக் கொடுத்துவிட்டால் அந்த ஆள் மறுபடி வந்து நிற்க மாட்டார், மத்தியானச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிடலாம், அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் சாப்பிட்டு வந்தார்.

இந்த நிலையில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'பணியாளர் மன அழுத்தக் குறைப்பு மற்றும் தன்னை அறிதல் திட்டம்.' உளவியலும் தத்துவமும் கலந்து ஆறு வாரப் பயிற்சி. பயிற்சிக்கு முன் ஒவ்வொருவருடைய அழுத்தத்தையும் அளந்து இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பயிற்சிக்குப் பின் மறுபடி அளந்தால் குறைந்தது நாற்பது சதவீதம் குறைந்திருக்க வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் அனைத்து ஊழியர்களும் தங்களைத் தாங்களே அறிந்து முடித்து, அறிந்தமைக்கான ஆதாரத்தை மூன்று பிரதிகளில் அனுப்ப வேண்டும்.

அலுவலகத்தின் கண்காணிப்பாளர் கனகலட்சுமி. நல்ல பெண்மணி. எந்தச் சுற்றறிக்கையையும் இரண்டு முறை படிப்பார், ஒரு முறைகூடச் சிரிக்க மாட்டார். அவர் உடனே திருநெல்வேலியிலிருந்து மனவளப் பயிற்றுநர் முத்துமணியை வரவழைத்தார். முத்துமணிக்குக் காலர் இல்லாத சட்டை, மெல்லிய குரல், கையில் ஒரு சின்ன வெண்கல மணி. மணியை அடித்தால் எல்லோரும் எங்கிருந்தாலும் நிகழ்காலத்துக்கு வந்துவிட வேண்டும்.

அளவெடுப்பு நடந்தது. தட்டச்சர் பொன்மணிக்கு நூற்றுக்கு எண்பத்திரண்டு. கனகலட்சுமிக்குத் தொண்ணூறு. தலைவர் என்ற முறையில் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கடைசியாகச் சண்முகையா உட்கார்ந்தார்.

"தூக்கம் வராமப் புரண்டதுண்டா சார்?" என்று கேட்டார் முத்துமணி.

"புரண்டிருப்பேன். தூங்கிக்கிட்டே புரண்டா எனக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப இந்த நிமிஷம் மனசுல என்ன ஓடுது?"

"வெண்டக்கா கொண்டாந்திருக்கேன். சாப்பிடுததுக்குள்ள கொழகொழன்னு ஆயிருமோன்னு ஒரு நெனப்பு."

முத்துமணி மணியை ஒரு தட்டுத் தட்டினார். "சரி. நீங்க யாரு?"

"சண்முகையா."

"அது பேரு. நீங்க யாரு?"

"கிணத்துச் சான்று எழுதுதவன்."

"அது வேலை சார். அதுக்கும் அடியில நீங்க யாரு?"

சண்முகையா குனிந்து பார்த்தார். "அதுக்கு அடியில நாற்காலிதான் இருக்கு" என்றார்.

மதிப்பெண் பூஜ்யம்.

இணையதளம் பூஜ்யத்தை ஏற்கவில்லை. பூஜ்யத்தில் நாற்பது சதவீதத்தை எப்படிக் குறைப்பது என்று அதற்கும் தெரியவில்லை போலும். சிவப்பு எழுத்தில், 'இவ்வூழியருக்கு அழுத்தம் இல்லை. அழுத்தம் பெற்ற பின் மீண்டும் முயலவும்' என்று காட்டியது. அடுத்த வாரம் வீடியோவில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில், மேலதிகாரி எல்லா ஊர்க்காரர்கள் முன்னாலும் கேட்டார்: "சங்கரன்கோவில்ல ஒருத்தருக்கு இன்னும் அழுத்தமே வரலையாமே. என்னம்மா நிர்வாகம் பண்றீங்க?" அன்று சாயங்காலம் கனகலட்சுமிக்கு அளந்து பார்த்ததில் தொண்ணூற்றாறு.

அவர் சண்முகையாவைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, உங்களைக் கெஞ்சிக் கேக்கேன். ஒரு முப்பதாவது வரக்கூடாதா?"

"நீங்களே முப்பதுன்னு எழுதிக்கிடுங்களேன் மேடம்."

கனகலட்சுமிக்கு முகம் மாறிவிட்டது. "அரசாங்கத்துக்குப் பொய் எழுதச் சொல்லுதீங்களா? உண்மையாவே வர வைக்கணும்."

மறுநாள் ஆணை பிறந்தது. 'பொருள்: பணியாளர் மனநலம் – திரு. சண்முகையா அவர்களுக்கு மன அழுத்தம் வழங்குதல் – தொடர்பாக.' அதன்படி அவருடைய நாற்காலி, கடகடவென்று ஆடும் மின்விசிறிக்குக் கீழே மாற்றப்பட்டது. 'அழுத்தமின்றிப் பணியாற்றியமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று ஒரு மெமோவும் கொடுக்கப்பட்டது. சண்முகையா அன்றைக்கே பதில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அழுத்தம் மூன்று வரை ஏறி, சாப்பாட்டுக்குப் பின் பழைய நிலைக்கே திரும்பியது.

முத்துமணி இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கவனித்தார். பிறகு கனகலட்சுமியிடம் போய், "காரணம் தெரிஞ்சு போச்சு மேடம்" என்றார். "இவரு வேலையை முடிச்சிருதாரு. முடியாத வேலைதான் மனசுல தங்கும். எல்லாத்தையும் முடிச்சிட்டா தங்குததுக்கு என்ன இருக்கு?"

"அப்ப அதை நிறுத்திருவோம்" என்றார் கனகலட்சுமி.

இரண்டாவது ஆணை பிறந்தது. இனி ஒவ்வொரு கையெழுத்துக்கு முன்னும் சண்முகையா, 'கையெழுத்திடும் நான் யார்?' என்று கால் மணி நேரம் சிந்தித்து, கண்ட விடையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். விடை பயிற்றுநருக்குத் திருப்தியாக இருந்தால் மட்டுமே கையெழுத்து. பயிற்றுநர் வியாழக்கிழமை மட்டும் வருவார்.

அந்தத் திங்கட்கிழமைதான் சுப்புத்தாய் வந்தாள். திருவேங்கடம் பக்கம் கரிசல் காட்டில் முக்கால் ஏக்கர் மிளகாய் போட்டிருந்தாள். மழையை நம்பி அலுத்துப்போய், அந்த வருடம்தான் கிணறு வெட்டியிருந்தாள். தண்ணீரும் வந்துவிட்டது. குடத்தில் மொண்டு எத்தனை செடிக்கு ஊற்ற முடியும்?

"கிணத்துல தண்ணி கெடக்கு. மேல மொளகா வாடுது. நடுவுல உங்க கையெழுத்து ஒண்ணுதான் அண்ணாச்சி வேணும்" என்றாள்.

சண்முகையா சான்றை எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினார். "நாளைக்கு வா தாயி."

இருபத்தெட்டு வருடத்தில் அவர் சொல்லாத வார்த்தை. சொல்லி முடித்த பிறகும் வாயில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை வந்தாள். புதன்கிழமை வந்தபோது முந்தானையில் முடிந்துகொண்டு வந்த சுருங்கிய பிஞ்சு மிளகாய்களை மேஜைமேல் வைத்தாள். "கண்ணால பாத்தா எழுதுவீங்கன்னு கொண்டாந்தேன்" என்றாள், கோபமில்லாமல். அன்று சண்முகையாவின் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமலே ஊருக்குத் திரும்பியது.

வியாழக்கிழமை முத்துமணி பதிவேட்டைப் பார்த்தார். கையெழுத்திடும் நான் யார் என்பதற்கு எதிரே, 'கையெழுத்துப் போடாதவன்' என்று எழுதியிருந்தது. ஆழம் போதவில்லை என்று திருப்பிவிட்டார். கையோடு அளந்தும் பார்த்தார். எழுபத்தொன்று.

கனகலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. இணையதளம் பச்சையாகி, 'வாழ்த்துகள்' என்றது. எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். சண்முகையா தம் பங்கைக் கொண்டுபோய், வராந்தாவில் நின்றிருந்த சுப்புத்தாயிடம் கொடுத்தார்.

"என்ன விசேஷம் அண்ணாச்சி?"

"எனக்கு மனசு சரியில்ல தாயி. அதுக்கு."

அவளுக்குப் புரியவில்லை. வாங்கிக்கொண்டாள்.

அழுத்தம் கிடைத்தாகிவிட்டது. இனி அதைக் குறைக்க வேண்டுமே. மறு வாரம் பயிற்சி தொடங்கியது.

"கண்ணை மூடுங்க சார். ஒரு ஆத்துல இலை மிதந்து போகுது. உங்க கவலையைத் தூக்கி அந்த இலைமேல வைங்க."

"ஆத்துல தண்ணி ஓடுதா?"

"நல்லாவே ஓடுது."

"அப்ப அதுல ஒரு மோட்டாரைப் போட்டு அந்தப் பிள்ளை புஞ்சைக்கு எறைச்சிரலாம்லா."

அளந்ததில் எழுபத்தெட்டு. ஏறியிருந்தது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் சண்முகையா. "கையெழுத்துப் போட்டா கொறஞ்சிரும்."

முத்துமணி இரக்கத்தோடு சிரித்தார். "அது வெளித் தீர்வு சார். பாடத்திட்டத்துல உள் தீர்வு மட்டும்தான் இருக்கு."

அப்போது ஜன்னல் பக்கம் சுப்புத்தாய் வந்து நின்றாள். "நான் வாரேன் அண்ணாச்சி. இனி உங்களைத் தொந்தரவு பண்ணல. நாளைக்குச் செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு ஆட்டை விடப்போறேன்." சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

முத்துமணி மணியை அடித்து, எல்லோரையும் நிகழ்காலத்துக்கு வரச் சொன்னார். சண்முகையா ஒருவர்தான் வந்தார். எழுந்து போய் மேஜையைத் திறந்து, சான்றில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். திருவேங்கடம் பஸ் கிளம்பியிருந்தது. ஐம்பத்து நாலு வயது ஆள் ஒரு கையில் காகிதமும் மறு கையில் அரசு முத்திரையுமாக ஓடி வருவதைக் கண்ட கண்டக்டர், ஏதோ பஸ்ஸையே பறிமுதல் செய்ய வருகிறார்கள் என்று நினைத்து விசிலடித்து வண்டியை நிறுத்தினார்.

ஜன்னல் வழியாகச் சான்றை வாங்கிய சுப்புத்தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாளைக்கு வரச் சொல்லலையா அண்ணாச்சி?"

"நாளைக்கு நான் சோறு திங்கணும் தாயி" என்றார், மூச்சு வாங்க.

திரும்பி வந்து பாத்திரத்தில் மிச்சமில்லாமல் சாப்பிட்டார். முத்துமணி பயந்துகொண்டே அளந்தார். பூஜ்யம்.

சஸ்பெண்ட் உத்தரவு வரும் என்று எதிர்பார்த்தே கனகலட்சுமி மதிப்பெண்ணை இணையதளத்தில் ஏற்றினார். வந்தது பாராட்டு. எழுபத்தெட்டிலிருந்து பூஜ்யம், நூறு சதவீதக் குறைப்பு, துறையிலேயே முதலிடம். ஆய்வுக்குழு ஒன்று காரில் வந்து இறங்கியது. சண்முகையா அவர்களிடம் சுருக்கமாகச் சொன்னார்: "ஐயா, வந்த அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டா ஒரு தொல்லையும் இல்ல."

குழு அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டு நிராகரித்தது. அப்படிச் செய்தால் அழுத்தமே உருவாகாது. உருவாகாததைக் குறைத்துக் காட்ட இயலாது. ஆகவே 'சங்கரன்கோவில் முறை' என்ற பெயரில் எல்லாக் கிளைகளுக்கும் உத்தரவு போனது: மனுக்களை ஆறு வாரம் நிறுத்தி வைக்கவும், ஊழியருக்குப் போதிய அழுத்தம் சேர்ந்ததும் ஒன்றில் கையெழுத்திடவும், நிம்மதியை அளந்து அனுப்பவும். சண்முகையாவுக்குக் கேடயம் கொடுத்து, கையெழுத்தில்லாத ஒரு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

மனுதாரர்கள் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். அரசு அவர்களையும் கைவிடவில்லை. வியாழக்கிழமைதோறும் வராந்தாவில் பாய் விரித்து, மின்விசிறி போட்டு, சுக்குக் காப்பி கொடுத்து, மனுதாரர் மன அமைதி வகுப்பு தொடங்கப்பட்டது. முத்துமணி எல்லோரையும் 'வாங்க, உக்காருங்க' என்று கைகூப்பி வரவேற்றார்.

அடுத்த வருடம் ஒருநாள், சுப்புத்தாய் மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் நின்றாள். பக்கத்துப் புஞ்சைக்காரர் ராஜதுரை வெள்ளை வேட்டியும் திருநீறுமாக ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரும் கிணறு வெட்டி ஏழு மாதமாகிறது.

"கிணத்து ஆபீசுக்கா அண்ணே?"

"ஆமா தாயி. ஒரு வியாழன்கூட விடுததில்ல. என் வயசுக்கு எந்த ஆபீசிலயும் என்னை உக்காருன்னு சொன்னதில்ல. இங்கன 'நீங்க யாரு'ன்னு நம்மளப் பாத்து அக்கறையாக் கேக்காங்க."

"சான்று தந்துட்டாங்களா?"

"அதை நான் இன்னும் கேக்கல."

"கேக்காம எதுக்குப் போறீங்க?"

ராஜதுரை குரலைத் தாழ்த்தினார். "கேட்டா அவுகளுக்கு அழுத்தம் வந்துரும்லா. பாவம்."

சுப்புத்தாய் அவரையும், காய்ந்து கிடந்த அவருடைய புஞ்சையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கேட்டாள்:

"சுக்குக் காப்பி நல்லாருக்குமா அண்ணே?"