ஜோடி மாமாவின் இடது பக்கம்

கதவைத் திறக்காமல் வீட்டுக்குள் வரத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மூன்றே பேர். பேய், பூனை, எங்கள் தெரு ஜோடி மாமா. இதில் பேயை நான் பார்த்ததில்லை. பூனை வந்தாலாவது எங்காவது ஒரு டம்ளர் உருளும். ஜோடி மாமா வந்தால் காற்றுகூட அசையாது. காலையில் கண்ணாடி முன் நின்று ஷேவ் செய்துகொண்டிருப்பேன். திடீரென்று கண்ணாடிக்குள் என் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம் இருக்கும். "பின்னாடி பாக்காமயே நிக்கிற தம்பி. இந்நேரம் நீ செத்து அர நிமிசம் ஆச்சு" என்று தகவல் சொல்லிவிட்டு, நியூஸ் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

நான் அப்போது கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு சின்னத் தெருவில் தனியாக அறை எடுத்திருந்தேன். ஸ்கேன் சென்டர் ஒன்றில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் வேலை. ஊரில் யாருக்குக் கிட்னியில் என்ன கல் என்பது எனக்கு அத்துப்படி. அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாது. மாமா எதிர்வீட்டில் தனிக்கட்டையாக இருந்தார். ஐம்பதை எட்டப்போகும் வயது. கடற்படையில் கமாண்டோவாக இருந்து, பாதியிலேயே வேலையை விட்டு வந்தவர்.

அந்தப் பயிற்சியைப் பற்றி அவர் சொல்லும்போது தெருவே டீயை ஆறவிட்டுக் கேட்கும். கையையும் காலையும் கட்டி ஆழமான குளத்தில் தள்ளிவிடுவார்களாம். பதறுகிறவன் மூழ்குவான், சும்மா கிடக்கிறவன் மிதப்பான். ஒரு வாரம் தூங்கவிடமாட்டார்களாம். நாலாவது நாள் மத்தியானம் கடல்மேல் அவரவர் அம்மா சோற்றுத் தட்டோடு நடந்து வருவது தெரியுமாம். "எங்கம்மா செத்து ஆறு வருசம் ஆயிருந்துச்சு. இருந்தாலும் கொழம்பு வாசன வந்துச்சு" என்பார் மாமா, பஸ் டைம் சொல்வதைப் போல. துப்பாக்கிப் பயிற்சியில் குறிப்பலகைக்குப் பக்கத்தில் கூட்டாளியை நிற்கவைத்துத்தான் சுடச் சொல்வார்களாம். நீ தவறினால் அவன் காலி. அடுத்தது நீ நிற்கவேண்டும், அவன் சுடுவான்.

அந்தக் கூட்டாளிக்குப் பெயர்தான் ஜோடி. முதல் நாளே இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். கலங்கல் தண்ணீருக்குள் கண் தெரியாது என்பதால் இருவர் மணிக்கட்டையும் ஆறடிக் கயிற்றில் கட்டியிருப்பார்கள். ஒரு இழுப்பு இழுத்தால் 'இருக்கியா?' என்று அர்த்தம். பதிலுக்கு ஒரு இழுப்பு வந்தால் 'இருக்கேன்'. கரையில் யாராவது தனியாகத் தென்பட்டால் பயிற்சி அதிகாரி கேட்கும் ஒரே கேள்வி: ஜோடி எங்க? பதில் இல்லையென்றால் மரக்கட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் ஓடவேண்டும்.

மாமா வேலையை விட்டாரே தவிர அந்தக் கேள்வியை விடவில்லை. பால் வாங்கப் போகிறவரை, குப்பை கொட்டப் போகிறவரை, ஏன், ஒருமுறை மின்கம்பத்தின் உச்சியில் இருந்த எலெக்ட்ரீஷியனை நிறுத்தி "ஜோடி எங்க?" என்று கேட்டார். அவர் பதில் தெரியாமல் அரைமணி நேரம் கீழேயே இறங்கவில்லை. பெயர் அப்படித்தான் நிலைத்தது.

உப்பனாறு எங்கள் தெருவுக்குள் எட்டிப் பார்த்த ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, மாமா தெரு முழுவதையும் ஜோடி ஜோடியாகப் பிரித்தார். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று மற்றவருக்கு எந்நேரமும் தெரிந்திருக்க வேண்டும். செல்போன் கடை வைத்திருந்த லால்பேட்டை பாய்க்கு இட்லிக்கடை கற்பகம் அக்கா. சர்ச் பாஸ்டருக்கு அந்த எலெக்ட்ரீஷியன். எலெக்ட்ரீஷியன் பாதிப் பொழுது ஒயின் ஷாப்பில் இருப்பவர் என்பதால், பாஸ்டர் தினமும் அங்கே போய் வாசலில் நின்று விசாரிக்க வேண்டியதாயிற்று. அவரைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேச்சு கிளம்பியது. பாவம், அவர் கர்த்தரைவிட ஜோடி மாமாவுக்குத்தான் அதிகம் பயந்தார்.

நான் மட்டும் மறுத்துவிட்டேன். எனக்கு யாரும் தேவையில்லை என்று சொல்கிற திமிர் அந்த வயதில் எனக்கு நிறைய இருந்தது. உங்கள் ஜோடி யார் மாமா என்று திருப்பிக் கேட்டேன். அவர் தலையைத் திருப்பித் தன் இடது பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு போய்விட்டார்.

அதன்பிறகுதான் நான் கவனிக்கத் தொடங்கினேன். மாமாவின் இடது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பழைய கயிறு கட்டியிருக்கும். மறுமுனை சும்மா தொங்கும். தன் இடது பக்கத்தில் யாரையும் நடக்கவிடமாட்டார். தெரு நாய்கள் எல்லார் காலையும் சுற்றும். அவருடைய இடது பக்கம் மட்டும் போகாது. மார்கழிப் பனியில் விடிந்தும் விடியாத நேரம் ஆற்றங்கரையில் நிற்பார். கயிற்றின் மறுமுனை தண்ணீருக்குள் கிடக்கும். ஒரு இழுப்பு இழுப்பார். காத்திருப்பார். "குளுரு ஜாஸ்தியா இருக்கு மச்சான்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னதை நானே கேட்டேன். அன்றைக்கு ஸ்கேன் சென்டரில் ஓர் ஆண் பேஷண்டுக்குக் கர்ப்பப்பை நார்மல் என்று டைப் அடித்துத் திட்டு வாங்கினேன்.

மச்சான் யார் என்பது பாய்க்குத் தெரிந்திருந்தது. மாமாவின் ஜோடி சிதம்பரத்துக்காரராம். ஏதோ ஒரு துறைமுகத்தில் நடந்த பயிற்சியின்போது இருவரும் கயிற்றோடு இறங்கினார்கள். மாமா மட்டும் மேலே வந்தார். உடல் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி சிதம்பரத்தில் டீச்சராக இருக்கிறார். அந்த அம்மாவைப் பார்த்து நடந்ததைச் சொல்லத்தான் மாமா கடலூருக்கே குடிவந்தாராம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஸ்டாண்டு வரை போவார். சிதம்பரம் பஸ்ஸைப் பார்ப்பார். திரும்பி வந்துவிடுவார். எட்டு வருடமாக இதுதான் நடக்கிறது என்றார் பாய். தெருவோ அவர் பெண் பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த புயலில் தண்ணீர் பகல் பதினொரு மணிக்கு வந்தது. வானம் கருத்து, பகல் பகலாகவே இல்லை. தெரு முழுவதும் பள்ளிக்கூட மாடிக்குப் போனது. மாமா தலைகளை எண்ணவில்லை, ஜோடிகளைத்தான் எண்ணினார். எல்லா ஜோடியும் கை தூக்கியது. கணக்கு சரியாக இருந்தது. ஜோடியே இல்லாத நான் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

நான் காய்ச்சலில் அறைக்குள் கிடந்தேன். விழித்தபோது கட்டிலோடு மிதந்தேன். வெளியே தண்ணீர் அழுத்தியதில் கதவு திறக்கவில்லை. கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் மார்புக்கு வந்தது. நான் இங்கே இருப்பது ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

மாடியில் நடந்ததைப் பின்னால் பாய் சொன்னார். மாமா கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தாராம். கயிறு சுவருக்கு வெளியே தொங்கியது. திடீரென்று அவர் இடது கை வெடுக்கென்று கீழே இழுபட்டது. மாமா எட்டிப் பார்த்தார். கீழே தண்ணீர்தான் ஓடியது. "சரி மச்சான், போறேன்" என்றாராம். அடுத்த நிமிஷம் மாடியில் அவர் இல்லை. "அல்லா மேல ஆணையா சொல்றேன், கயித்த இழுத்தது காத்து இல்ல" என்றார் பாய்.

என் அறை ஓட்டைப் பிரித்துக்கொண்டு மாமா இறங்கினார். அன்றும் சத்தமே இல்லை. தன் கயிற்றின் மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டினார். கூரைவழியே ஏறித் தெருவுக்குள் இறங்கினோம். கழுத்தளவு தண்ணீர். அவர் முன்னால், நான் பின்னால். கயிறு என்னை முன்னே இழுத்தது. தெருமுனையில் தண்ணீரின் இழுப்பு வேகமாகிக் கால் தடுமாறியபோது, பின்னாலிருந்து என் முதுகில் ஒரு உள்ளங்கை பதிந்தது. கீழே விழவிடாமல், அவசரப்படாமல், பள்ளிக்கூடப் படி வரை தள்ளிக்கொண்டே வந்தது. படியேறியதும் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. எனக்கு அன்று நூற்றிமூன்று டிகிரி காய்ச்சல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடிந்தும் மாமா சரியாகவில்லை. மூன்று நாள் சாப்பிடவில்லை. கற்பகம் அக்கா கொடுத்தனுப்பிய இட்லி அப்படியே இருந்தது. என்னவென்று கேட்டேன். "ஒரு கயித்துல ரெண்டு பேருக்கு எடமில்ல தம்பி. உன்ன கட்டிட்டேன். அப்ப அவன விட்டுட்டேன்னுதான அர்த்தம்? அவன் வூட்ல கேக்காம எப்புடி வுடறது?" என்றார்.

நான் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. ஆனால் அன்று அவர் கையைப் பிடித்துச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் குடிகாடு வந்ததும் பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. மாமா மூச்சையே நிறுத்திக்கொண்டார். பரங்கிப்பேட்டை கைகாட்டியைத் தாண்டித்தான் விட்டார். பக்கத்து சீட்டுப் பெரியவர் பயந்துபோய் அவர் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தார்.

கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. டீச்சர் வீட்டு முன்கூடத்தில் நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தார். மாமா தன் பெயரைச் சொன்னதும் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். உட்காரச் சொன்னார். அழவில்லை, கோபப்படவில்லை. ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த கேள்வி என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"லீவுல வந்தா என் முந்தானையில உங்க ஜோடிக் கயித்து முடிச்சப் போட்டுக் காட்டுவாரு. இழுத்தா எறுகும், தானா அவுராதுன்னு சொல்வாரு. கயித்த நீங்க அறுத்தீங்களாண்ணே?"

மாமா மணிக்கட்டிலிருந்த கயிற்றைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். டீச்சர் அதை வாங்கி, மறுமுனையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரியாமல் இருக்க நுனியில் சுற்றிய நூல் அப்படியே இருந்தது. கத்தி பட்ட அடையாளம் எங்கும் இல்லை. அந்த நுனியைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவினார்.

"கீழ எதுலயோ மாட்டிக்கிட்டான் தங்கச்சி. இழுத்தேன். எனக்கும் காத்து தீந்துபோச்சு, அப்பவும் இழுத்தேன். திடீர்னு கயிறு லேசா வந்துடுச்சு. மேல வந்து பாத்தா வெறுங்கயிறு" என்றார் மாமா.

டீச்சர் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அப்ப அவரே அவுத்துக்கிட்டாரு. அவருதாண்ணே உங்கள விட்டுட்டாரு. நீங்க அவர விடல."

இதை எந்த அதிகாரியும் மாமாவிடம் சொல்லியிருக்கவில்லை. அவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவர் வாய்விட்டு அழுததை அந்தச் சந்து முழுக்கக் கேட்டிருக்கும். டீச்சர் எங்களுக்குச் சோறு போட்டார். மாமா மூன்று நாள் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டார். அந்தக் கயிறு மட்டும் டீச்சர் மடியிலேயே இருந்தது. திருப்பித் தரவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

திரும்பும்போது மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தவர், பஸ் ஊரைத் தாண்டும் முன்பே தூங்கிவிட்டார். என் தோளில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு, டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குறட்டை. கடலூர் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் வந்து, பஸ் இனிமேல் நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போகிறது, உங்க ஆள எழுப்புங்க சார் என்றார். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது. பண்ருட்டிக்கு இரண்டு டிக்கெட் கொடுங்கள் என்றேன்.