தைராய்டுக்கு மூன்று பெக்

மனித குலமே எனக்கு மாலை போட வேண்டிய கண்டுபிடிப்போடு சமையலறைக்குள் ஓடினேன்.

"பிராந்தி ஏன் எனக்கு ஏறவே மாட்டேங்குதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்!"

மனைவி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கத்தாதீங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

விஷயம் இதுதான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு பெக். பாட்டில் அவள் பீரோவில். சோடா கலந்து அவளே கொண்டுவந்து வைப்பாள். தைராய்டு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அந்த ஒரு பெக் என்னைச் சட்டையே செய்வதில்லை. சின்னக் கிறுகிறுப்புகூடக் கிடையாது. ருசியும் ஒரு தினுசாக இருந்தது. அதுவும் தைராய்டின் திருவிளையாடல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"தைராய்டு ஏறி இறங்கினா, கல்லீரல் மதுவை எரிக்கிற வேகமும் மாறுமாம். எலிய வச்சே சோதிச்சிருக்காங்க!"

"எலிக்கு யாரு ஊத்திக் குடுத்தா? அதோட பொண்டாட்டியா?"

"விளையாடாதடி! மாத்திரை உள்ள போனதுலேருந்து என் கல்லீரல் ரயில் இன்ஜினாட்டம் ஓடுது. பிராந்தி தொண்டையத் தாண்டுறதுக்குள்ள சாம்பல்! மருத்துவப்படி எனக்கு மூணு பெக் வேணும்."

சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"மூணு போதுமா?" என்றாள். "நாலாவே ஊத்தறேன்."

ஆகா! அன்று சாயங்காலம் ரத்தப் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கும் மச்சானும் வந்திருந்தான். நாலாவது டம்ளரில் வீடே சுற்றியது. கால் பின்னியது. கூடவே கல்யாணமாகி முப்பது வருஷமாக வராத தைரியமும் மொத்தமாக வந்து சேர்ந்தது.

"டேய் மச்சான்! நீ ரத்தம் எடுக்கிறவன் இல்லடா, உறிஞ்சுறவன்!"

"அத்தான், மெதுவா..."

"உங்கக்கா சமையலத் தின்னும் என் கல்லீரல் உயிரோட இருக்குன்னா, அதுக்கு மெடலே குத்தணும்டா!"

மச்சான் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான்.

காலையில் பூனைபோல் எழுந்து வந்தேன்.

"நேத்து ஏதாவது உளறினேனாம்மா? அது நான் இல்ல, பிராந்தி. நாலு பெக் இல்லையா?"

மாத்திரையையும் தண்ணீரையும் என் முன்னால் வைத்தாள். "இந்த மாத்திரைய எழுதின அன்னிக்கே, மதுவ அடியோட நிறுத்தணும்னு எங்கிட்ட தனியாச் சொல்லிட்டாரு டாக்டர். பாட்டில அப்பவே கவுத்துட்டேன்."

"அப்போ... இத்தனை நாளா நான் குடிச்சது?"

"பால் ஊத்தாத டீ. நேத்துப் பேசினதெல்லாம் முழுத் தெளிவோட நீங்க பேசினது. இந்தாங்க கரண்டி, இன்னிலேருந்து சமையல் உங்களோடது!"